யார் வீட்டுப் பெண்? ஓர் ஐரிஷ் பப் கதையும் அதன் வாசகர்களும்

14 ஜனவரி 2024, ஞாயிறு

எங்கள் வாசிப்புக் குழு இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் நூல், அமெரிக்க எழுத்தாளர் ஷீலா கானலியின் 'பரீட் இன் எ பாக்'. 2013இல் வெளியானது. அயர்லாந்தில் நாங்கள் வசிக்கும் கார்க் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லீப் என்ற சிற்றூரில், சல்லிவன்ஸ் என்னும் பப்பை, அதாவது மதுக்கூடத்தை, நடுவாக வைத்து நடக்கிற கதை. ஊர்ப்பெயரின் எழுத்து 'லீப்' என்று இருந்தாலும் இங்கே எல்லோரும் 'லெப்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இறந்துபோன பாட்டியின் கடைசி விருப்பத்தை நிறைவேற்ற பாஸ்டனிலிருந்து வருகிற மோரா டானவன் என்ற இளம்பெண், கையில் காசில்லாமல் அந்தப் பப்பில் வேலைக்கு நிற்கிறாள். பக்கத்துச் சதுப்பில் ஏறக்குறைய நூறாண்டுப் பழைய பிணம் ஒன்று கிடைக்கிறது.

இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தில் 'கோஸி' என்கிறார்கள். ரத்தம் தெறிக்காது, துப்புத் துலக்குபவர் காவல்துறையைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார், ஊர் கைக்கு அடக்கமாக இருக்கும். மழை நாளில் போர்வைக்குள் சுருண்டு படிக்கத் தோதான கொலை என்று வைத்துக்கொள்ளலாம். நூறு பக்கம் தாண்டிவிட்டேன். இன்னும் யாரும் எதையும் துலக்கத் தொடங்கவில்லை.

18 ஜனவரி, வியாழன்

படித்து முடித்தாயிற்று. துப்பறியும் கதையாக எடுத்துக்கொண்டால் இது மிகவும் மெலிந்தது. மோரா எதையும் தேடிப் போவதில்லை. அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செய்தி தானாக வந்து எதிரில் உட்கார்கிறது. போதாக்குறைக்கு, யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் இன்னொருவருக்கு மாமன் மகனாகவோ சித்தி பேரனாகவோ இருக்கிறார். ஐந்துக்கு இரண்டரை என்று குறித்து வைத்திருக்கிறேன்.

27 ஜனவரி, சனி

நூலகத்தின் மாடியறையில் இன்று கூட்டம். ஒன்பது பேர் வந்திருந்தோம்.

முதலில் பேசிய அமெரிக்க மாணவிக்கு நூல் மிகவும் பிடித்திருந்தது. கணப்பருகே எந்நேரமும் உட்கார்ந்து பழங்கதை சொல்லும் கிழவர் பில்லிக்காகவே இன்னொரு முறை படிப்பேன் என்றாள். மோராவின் வெடுக்கென்ற பேச்சு சிலருக்கு எரிச்சலூட்டியது. யாரையும் நம்பாமல் வளர்ந்த பெண் எடுத்த எடுப்பிலேயே இனிக்க இனிக்கப் பேசினால்தான் பொய்யாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த விவாதம் நீளவில்லை.

நீண்டது வேறொன்று. காவல் பணியிலிருந்து, அதாவது கார்டாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். சதுப்பில் உடல் கிடைத்தால் முதலில் இடத்தைக் கயிறு கட்டிக் காப்பார்கள், மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் போகும், உடல் மிகப் பழையது என்று தெரிந்தால் தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் வருவார்கள் என்று அவர் வரிசையாகச் சொன்னார். 2003இல் சதுப்புகளில் உடலாகக் கிடைத்த குளோனிகாவன் மனிதனும் ஓல்ட் குரோகன் மனிதனும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள். இன்றும் டப்ளினில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். அமிலம் மிகுந்து காற்றுப் புகாமல் கிடக்கும் சதுப்புநீர் தோலைப் பதனிட்டுவிடுவதால், நேற்றைய பிணமா நெடுநாள் பிணமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்பதையும் அவரே விளக்கினார். கதையில் வரும் இளம் காவலர் ஷான் மர்ஃபி பாரில் நிற்கும் பெண்ணிடம் வழக்கைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "பப்பில் தகவல் ஒரு வழிதான் போகும். எங்கள் காதுக்கு வரும், எங்கள் வாயிலிருந்து போகாது" என்றார்.

அவரை மறுத்தவர், பப் நடத்திய குடும்பத்தில் பிறந்து பத்து வயதிலிருந்தே குவளை கழுவிய ஓர் அம்மையார். மற்றவர்கள் குறையாகச் சொன்ன மந்தகதியையே அவர் நூலின் பலமாகக் கண்டார். கையில் இருந்த தேநீர்க் கோப்பையையே கின்னஸ் என்ற கறுப்பு பீரின் குவளையாகப் பாவித்துச் செய்து காட்டினார்: குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்ப வேண்டும், நிமிர்த்தி வைத்துவிட்டு விலக வேண்டும், பழுப்பு அலையெல்லாம் மேலேறி அடங்கிக் கறுப்பும் வெண்ணுரையும் தனித்தனியாகப் பிரிந்த பிறகே மீதியை ஊற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து 119.5 விநாடி என்று மது ஆலை கணக்கே சொல்கிறது. "அந்த இரண்டு நிமிடம் குடிக்க வந்தவர் என்ன செய்வார்? பேசுவார். எதிரில் நிற்பவள் என்ன செய்வாள்? கேட்பாள். விசாரணை என்று தனியாக எதற்கு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

பப்பையும் பிணத்தையும் சேர்த்து வைத்தது எழுத்தாளரின் கற்பனை மட்டுமல்ல என்பதும் இன்று தெரியவந்தது. 1846ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி, ஊரில் கேட்பாரற்றுக் கிடைக்கும் உடலை அருகிலிருக்கும் பப்புக்கே கொண்டுவந்து வைத்தார்கள். பீப்பாய் வைக்கும் குளிர்ந்த நிலவறை அதற்கும் உதவியது. 1962 வரை அந்தச் சட்டம் மாறவில்லை. இன்றும் சில சிற்றூர்களில் பப் நடத்துபவரே ஈமச்சடங்கும் ஏற்பாடு செய்பவராக இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது என்கிறார்கள்.

எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்ற என் புகாரைக் கடைசியாக வைத்தேன். அம்மையார் சிரித்துவிட்டார். மேற்கு கார்க்கில் டானவன், டிரிஸ்கால் என்ற குடும்பப் பெயர்கள் மலிந்து கிடப்பதால், ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பட்டப்பெயர் வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியுமாம். புதிதாக வந்தவரிடம் முதலில் கேட்பது பெயரையல்ல, நீ யாரைச் சேர்ந்தவள் என்பதையாம். 'யார் வீட்டுப் பிள்ளை நீ?' என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் தாத்தாவின் பெயரைத் தாங்களே சொல்லிவிடும் எங்கள் ஊர்த் திண்ணைக் கிழவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாற்பது கல் சுற்றளவில் யாருக்கு யார் என்ன முறை என்பதை அறிந்த அந்த ஊரில் வளர்ந்த நானா இதைக் குறை என்று எழுதினேன்?

5 பிப்ரவரி, திங்கள்

புனித பிரிஜித் விடுமுறை. பேருந்தேறி லெப் போய் வந்தேன்.

ஊர் என்பது நெடுஞ்சாலையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் ஒரு தேவாலயமும்தான். துரத்தி வந்த ஆங்கிலப் படையிடமிருந்து தப்ப, ஓ'டானவன் குலத் தலைவன் ஒருவன் குதிரையோடு தாண்டியதாகச் சொல்லப்படும் பள்ளம் இங்கே இருக்கிறது. ஐரிஷ் மொழியில் ஊரின் பெயரே ஓ'டானவன் பாய்ச்சல். 'லெப்பைத் தாண்டினால் சட்டத்தைத் தாண்டியாயிற்று' என்று பழமொழியும் உண்டு. நாயகிக்கு டானவன் என்று பெயர் வைத்ததன் பொருள் இங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வந்தேறியாகப் பேருந்திலிருந்து இறங்கியவள் ஊரின் பெயரையே தன் பெயராகச் சுமந்திருக்கிறாள். கதையின் பப்புக்கு முன்மாதிரியான, இங்குள்ள கானலிஸ் என்ற பப்பையும் வெளியில் நின்று பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில், பேருந்து மாறிய ஊரில், ஒரு பப்புக்குள் நுழைந்து எலுமிச்சைச் சோடா வாங்கினேன். உள்ளே நான்கு பேர், யாரும் பிடில் வாசிக்கவில்லை. உள்ளூர் வானொலியில் இறப்பு அறிவிப்புகள் தொடங்கியதும் பாரில் நின்ற பெண் ஒலியைக் கூட்டினார், பேச்சு நின்றது. மூன்றாவது பெயர் வந்ததும் ஒருவர், "மலைமேல் வீட்டுக்காரர்களா, பாலத்தடி வீட்டுக்காரர்களா?" என்று கேட்டார். "பாலத்தடி. உன் அத்தையோடு படித்தவள்" என்றார் அந்தப் பெண், குவளையைத் துடைப்பதை நிறுத்தாமலே. அடுத்த அறிவிப்பு முடிவதற்குள் இறந்தவரின் கணவர், விற்றுப்போன நிலம், பாஸ்டனில் இருக்கும் மகன் எல்லாம் பாரின் மேல் வந்து சேர்ந்துவிட்டன. என் சோடாவில் பாதிகூடக் குறையவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

முதல் ஐந்து அத்தியாயங்களை மறுபடி படித்தேன். பப் காட்சிகள் இப்போது இழுப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் முடிச்சு அவிழும் இடம் இப்போதும் எனக்கு ஏற்பில்லை. உறவுமுறை வழியே வந்த செய்திகளைக் கொண்டு மோரா தானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம், எழுத்தாளர் அவளுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. இரண்டரையை அடித்துவிட்டு மூன்றே கால் என்று எழுதினேன்.

அடுத்த மாதத்துக்கு இதே வரிசையின் இரண்டாம் நூலான 'ஸ்கேன்டல் இன் ஸ்கிபரீன்' என்று முடிவாகியிருக்கிறது. ஓய்வுபெற்ற கார்டா முனகிக்கொண்டே சம்மதித்தார். அம்மையார் மட்டும் நிபந்தனை போட்டிருக்கிறார்: அந்த நூலிலாவது யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, பீர் குழாய்களைக் கழுவ வேண்டுமாம், இல்லையென்றால் ஐந்துக்கு ஒன்றுதான் போடுவாராம்.