முப்பத்தோராவது வாரம்: ஒரு மகப்பேறு மருத்துவரின் நாட்குறிப்பு

மே 17, 2021

நேற்றிரவு கோவிட் வார்டில் சேர்க்கப்பட்டவருக்கு 31 வாரக் கர்ப்பம், தலைப்பிரசவம். ஐந்து நாள் காய்ச்சலுடன் வந்தவரின் ஆக்சிஜன் அளவு 92 ஆக இருந்தது. கர்ப்பிணிக்கு அதை 95-க்குக் குறையவிடக் கூடாது. வளர்ந்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் தங்கும் காற்றின் இருப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உடலின் ஆக்சிஜன் தேவையோ அதே அளவுக்குக் கூடியிருக்கிறது. ஆகவே சரிவு தொடங்கினால் வேகமாகச் சரிவார்கள். முகக்கவசம் வழியே ஆக்சிஜன் கொடுத்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.

விடியற்காலையில் ரத்த அறிக்கை வந்தது: எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 112, தட்டணுக்கள் 1,08,000. கல்லீரல் நொதிகள் இரண்டும் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை. “கோவிட்டில் இது வழக்கம்தானே, மேடம்” என்றார் பயிற்சி மருத்துவர். வழக்கம்தான், ஆனால் கர்ப்பிணியின் அறிக்கையில் அந்தச் சொல்லோடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மே 18

இன்று முழுவதும் அந்த மூன்று எண்களோடுதான் கழிந்தது. நம் ஊரில் காய்ச்சலோடு தட்டணு குறைந்து நொதியும் ஏறினால் முதலில் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் விலக்க வேண்டும். இரண்டு பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை. எஞ்சியவை இரண்டு. ஒன்று, கிருமித்தொற்று தூண்டிய அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து கல்லீரலை வாட்டுவது. கோவிட் கிருமி பற்றி நுழையும் ஏஸ்-2 ஏற்பிகள் பித்தநாளச் செல்களிலும் இருக்கின்றன. மற்றொன்று ‘ஹெல்ப்’ எனப்படும் கர்ப்பகால நோய். சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் நொதிகள் ஏறி, தட்டணுக்கள் இறங்கும். அதற்குக் குழந்தையை வெளியே எடுப்பதைத் தவிர வேறு தீர்வு இல்லை. முதலாவதற்கோ தாயின் மூச்சைத் தேற்றிக் காத்திருப்பதே சிகிச்சை. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன என்பதுதான் என்னை வதைக்கிறது.

ரத்த அழுத்தம் 118/76, சிறுநீரில் புரதம் இல்லை. ஆனாலும் ‘ஹெல்ப்’ நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கேனும் அழுத்தம் ஏறாமலே அது வந்துவிடும். செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் எல்டிஹெச் என்ற நொதி கூடியிருக்கிறது, கோவிட்டிலும் அது கூடும். ஆகவே ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, உடைந்த சிவப்பணுக்கள் உள்ளனவா என்று நோயியல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் தென்படவில்லை. தீவிர கோவிட் நிமோனியா, கர்ப்பகால ரத்த அழுத்த நோயைப்போலவே தோற்றம் காட்டக்கூடும் என்று பார்சிலோனா மருத்துவர்கள் 2020-இல் எழுதியிருந்தார்கள். அவர்கள் கண்ட ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகாமலே எல்லாம் சீரானது. அந்த ஒரு வரியைத்தான் இன்று பற்றிக்கொண்டிருக்கிறேன்.

மே 19

அவருடைய தாயார் வாசலில் நின்று, “குழந்தையை எடுத்துவிட்டால் என் மகள் பிழைத்துக்கொள்வாள் என்றால் எடுத்துவிடுங்கள், டாக்டரம்மா” என்று கைகூப்பினார். இப்போது எடுத்தால் முற்றாத நுரையீரலோடு ஒரு சிசு பிறக்கும், அறுவை சிகிச்சையின் சுமையும் தாயின் மூச்சின்மேல் ஏறும், நோய் ‘ஹெல்ப்’ ஆக இல்லாவிட்டால் கல்லீரலுக்கு அதனால் பயனும் இல்லை என்று விளக்கினேன். முழுவதும் விளங்கியதா என்று தெரியவில்லை. ஆனால் அருகே நாற்காலி இழுத்து உட்கார்ந்து சொன்னதில் அவர் சற்று ஆறினார்.

தட்டணு 1,24,000 ஆகியிருக்கிறது. மகிழ்ந்துவிடக் கூடாது. தாயின் நுரையீரலுக்கும் சேயின் நுரையீரலுக்குமாக நாங்கள் கொடுத்துவரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தே தட்டணுவைச் சிறிது காலம் உயர்த்திக் காட்டும். நொதிகள் இறங்கினால்தான் நம்புவேன்.

மே 22

எஸ்ஜிஓடி 71. கொடுக்கும் ஆக்சிஜனை லிட்டர் லிட்டராகக் குறைத்துவருகிறோம். நம்புகிறேன்.

ஜூன் 14

தொற்றிலிருந்து மீண்ட வேறொரு கர்ப்பிணி, இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பதாகச் சொன்னார். வீட்டில் சூட்டு உடம்பு என்று எண்ணெய் தடவியிருக்கிறார்கள். தடிப்பில்லாத இந்த அரிப்பு பித்தநீர் தேங்குவதன் அறிகுறி. ரத்தத்தில் பித்த அமிலம் 100-ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. இவருக்கு 34. வாரந்தோறும் பார்ப்போம்.

ஜூலை 3

கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு நேற்று அறிவித்திருக்கிறது. இரண்டாம் அலை இத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு வந்திருக்கிறது. காலையில் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன்.

ஜூலை 10

மே மாதத்துப் பெண்ணுக்கு நேற்று மாலை சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.7 கிலோ. நஞ்சுக்கொடியைப் புரட்டிப் பார்த்தபோது ஓரத்தில் சிறு வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. மற்றபடி முழுமையாக இருந்தது. எஸ்ஜிஓடி 29. பாலூட்டிக்கொண்டே தடுப்பூசி போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் நோய் தீர்ந்து மூன்று மாதம் ஆக வேண்டும் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் வரச்சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.