மூணு தடவையும் 24.60

36 வயசுல திரும்ப ஸ்கூல் பேக் மாட்டிக்கிட்டு கெமிஸ்ட்ரி படிக்கப் போனேன்னு சொன்னா சிரிப்பா இருக்கும், ஆனா அதான் நடந்துச்சு. சிங்கப்பூர்ல ஐடிஇங்கிற தொழிற்கல்விக் கூடத்துல நான் முடிச்சது ஆஃபீஸ் வேலை சம்பந்தமா, அப்புறம் பன்னெண்டு வருஷம் கிளினிக் கவுண்டர்ல உக்காந்து க்யூ நம்பர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ரத்தம், யூரின் சாம்பிள் எல்லாம் பைல போட்டு லேபுக்கு அனுப்புறது என் வேலைதான். அந்தப் பை போற எடத்துல என்னதான் பண்றாங்கன்னு ஒரு நாள் தோணுச்சு, அவ்ளோதான் ஆரம்பம், பெருசா லட்சியம்லாம் ஒண்ணும் கெடையாது. ரத்த லேபுக்குள்ள போகணும்னா அது வேற படிப்பு, எனக்கு சாயங்கால நேரத்துல கெடச்சது கெமிஸ்ட்ரி, சரி அதுவும் லேபுதானேன்னு சேந்துட்டேன்.

பார்ட் டைம் டிப்ளமா, வாரத்துல மூணு நாள், ஏழு மணிக்கு கிளாஸ், வேலை முடிஞ்சு நேரா போனா ஒரு கோப்பி குடிக்கக்கூட நேரமிருக்காது. வீட்டுக்காரர் பஸ் கேப்டன், அதான் பஸ் டிரைவர், அவருக்கும் ஷிப்ட்டு. அத்தை மட்டும் பிள்ளைங்கள பாத்துக்கலேன்னா மொத செமஸ்டரோட மூட்டை கட்டியிருப்பேன். ஃபீஸ்ல, கவர்மெண்ட்டு படிப்புக்குன்னு குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளிய கழிச்சுக்கிட்டேன், மிச்சம் கையக் கடிச்சுச்சு.

மொத மூணு மாசம் எனக்கு எமனா இருந்தது மோல் கணக்கு, அதாவது ஒரு பொருள்ல எத்தன துகள் இருக்குன்னு எடைய வச்சு எண்ணுற கணக்கு. சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மோல் 40 கிராம், சரி, அப்போ ஒரு லிட்டர்ல 0.1 மோல், அதாவது 0.1 மோலார், வேணும்னா 4 கிராம், அதுவும் சரி, அதுலேர்ந்து 25 மில்லி எடுத்து 250 ஆக்குனா எவ்ளோன்னு கேட்டா எனக்கு மூளை நின்னுரும். பக்கத்துல உக்காந்திருந்த பையன் என்எஸ், அதான் தேசிய சேவை, முடிச்சுட்டு வந்தவன், "அக்கா, நீங்க வீட்ல மைலோ கலக்குறீங்கல்ல, அதுல பாதி ஊத்தி தண்ணி சேத்தா டேஸ்ட் எப்டி இருக்கும், அதான்க்கா"ன்னான். லெக்சரர் மூணு வாரமா சொல்லி புரியாதது அந்த மைலோவுல புரிஞ்சுச்சு. இண்டிகேட்டர், அதான் கலர் மாறி ஆசிடா காரமான்னு காட்டுற பொருள், அது மட்டும் எனக்கு மொத நாளே புரிஞ்சுடுச்சு, ஏன்னா ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும்ல, சின்ன வயசுலேர்ந்து பாத்ததுதானே, அதே கததான் ஃபினாப்தலீனும், அது கலரே இல்லாம இருந்து காரம் சேந்தா பிங்க் ஆவும்.

ஆனா கணக்கு புரிஞ்சா போதாது, கை பழகணும், அதுக்குத்தான் நேரமே இல்ல. நாங்க படிச்ச எடத்துல நாலு பேருக்கு ஒரு செட்டு, அதுல ஒரு பியூரெட்டுக்கு, அதாவது மில்லி கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழலுக்கு, அடியில இருக்குற குழாய் ஒழுகும், கம்ப்ளெயிண்ட் பண்ணி ஒரு செமஸ்டர் போச்சு. யார் பியூரெட்டத் தொடுறாங்களோ அவங்களுக்குத்தான் கை வரும், மத்தவங்க நம்பர் எழுதிக்கிட்டு நிப்பாங்க. நான் ரொம்ப நாள் நம்பர் எழுதுறவளாவே இருந்தேன், வயசானவங்கள ஒக்கார வைக்கிறோம்னு அவங்க நெனச்சிருக்கலாம்!

இன்னொண்ணு, நம்ம ஊரு காத்து. சோடியம் ஹைட்ராக்சைடு குருணைய தராசுல வச்சா ரெண்டு நிமிஷத்துல வேர்த்து வழியும், காத்துல இருக்குற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கும், அதனால 4 கிராம்னு நீங்க நிறுத்தது 4 கிராமே கெடையாது. அதுக்குத்தான் கேஎச்பின்னு ஒரு வெள்ளத் தூள், அது ஒரு ஆசிட்டு, ஈரத்த இழுக்காது, அத அவன்ல காய வச்சு டெசிக்கேட்டர்ங்கிற ஈரம் புகாத பாத்திரத்துல ஆறவிட்டு, நாலு தசமத் தராசுல நிறுத்து, தண்ணியில கரைச்சு, இண்டிகேட்டர் விட்டு, லேசா பிங்க் ஆவுற எடம், அதான் எண்ட் பாயிண்ட், வர்ற வரைக்கும் பியூரெட்லேர்ந்து நம்ம சொல்யூஷன ஊத்தி, எத்தன மில்லி போச்சுன்னு பாத்து, அதோட உண்மையான பலம் என்னன்னு கண்டுபிடிக்கணும். தராசு மேல ஏர்கான் காத்து பட்டா கடைசி எண் ஆடிக்கிட்டே இருக்கும், கதவ மூடிட்டு மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்.

இதுலதான் நான் மாட்டுனது. ஒம்பதரைக்கு லேப மூடுவாங்க, எனக்கு மொத தடவை 24.60 மில்லி வந்துச்சு, ரெண்டாவது ஊத்துறப்ப கை தவறி நல்லா செவசெவன்னு ஆயிடுச்சு, மூணாவதுக்கு நேரமில்ல. சரி மூணும் ஒத்துப் போனா நல்லதுதானேன்னு மூணு எடத்துலயும் 24.60ன்னு எழுதிட்டு ஓடிட்டேன். அடுத்த வாரம் லெக்சரர் என் நோட்ட தூக்கிக்கிட்டு வந்தார். மூணு பிளாஸ்க்குலயும் கேஎச்பி எடை வேற வேற, 0.5012, 0.5087, 0.4969 கிராம். ரெண்டாவதுல ஏழரை மில்லிகிராம் கூட இருக்கு, அப்ப 24.97 கிட்ட வந்திருக்கணும், மூணாவது 24.40க்கும் கீழ போயிருக்கணும். "எடை மாறியிருக்கு, வால்யூம் மட்டும் எப்டி மாறாம நிக்குது?"ன்னு மெதுவா கேட்டார், திட்டவே இல்ல, அதான் இன்னும் மோசம். அந்த பிராக்டிக்கலுக்கு சைபர். "எண்ட் பாயிண்ட் தாண்டிருச்சுன்னு எழுதியிருந்தா பாதி மார்க் குடுத்திருப்பேன்"னார். அன்னிக்கு எம்ஆர்டி ரயில்ல வர்றப்ப அழுதேன், யாரும் பாக்கல, எல்லாரும் போன்ல இருந்தாங்க.

அதுக்கப்புறம் ஒழுகுற பியூரெட்ட நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கு யாரும் போட்டிக்கு வரல, குழாய்க்கு கிரீஸ் போட்டு நானே சரி பண்ணிக்கிட்டேன், தப்பு வந்தா ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்து, தேதி. கரெக்ஷன் டேப் பேக்ல இருந்தே எடுத்துட்டேன்.

வேலை தேடுனது தனிக் கொடுமை, எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க, கடைசில ஒரு ஏஜெண்ட் மூலமா துவாஸ்ல கழிவுத்தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல ஆறு மாச காண்ட்ராக்ட். எங்க வீடு இருக்குற யீஷூன்லேர்ந்து துவாஸ்னா தீவோட இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம், அஞ்சரைக்கு எந்திரிக்கணும். ஃபேக்டரிங்க சாக்கடைக்குள்ள விடுற தண்ணியில சிஓடி, அதாவது அதுல இருக்குற அழுக்க கெமிக்கல் வச்சு எரிக்க எவ்ளோ ஆக்சிஜன் வேணுங்கிற அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம், அத பாத்து சொல்றவங்க நாங்க. சின்னக் கண்ணாடிக் குழாய்ல போட்டு 150 டிகிரில ரெண்டு மணி நேரம் வேக வைக்கணும். அதுல சேக்குற கெமிக்கல்ல மெர்குரி இருக்கு, அதனால முடிஞ்சதும் சிங்க்ல ஊத்துனா தொலஞ்சோம், தனி கேன். பிஓடின்னு இன்னொண்ணு, பாக்டீரியா அந்த அழுக்கத் தின்ன எவ்ளோ ஆக்சிஜன் எடுக்குதுன்னு பாக்குறது, அதுக்கு அஞ்சு நாள் 20 டிகிரில வச்சிருக்கணும், செவ்வாக்கெழம வச்சா ஞாயித்துக்கெழம எடுக்கணும், பாக்டீரியாவுக்கு லீவு கெடையாது லா. இந்த அஞ்சு நாள் கணக்க எந்த கிளாஸ்லயும் இந்த மாதிரி சொல்லித் தரல, தீபாவளி வாரத்து ரோஸ்டர் வந்தப்பதான் உறைச்சுச்சு.

சேந்து ரெண்டாவது மாசம் ஒரு சாம்பிள்ல சிஓடி 640 வந்துச்சு. சீனியர் ஒருத்தர், அவர் ஜோகூர்க்காரர், "ரிப்பீட் பண்ணுமா"ன்னார். பண்ணேன், 652. கஸ்டமர் மறுபடி மறுபடி போன் பண்ணி, ஒங்க மெஷின் சரியில்லன்னு கத்துனாங்க. நான் ரெண்டு நம்பரையும் நோட்டுல அப்டியே எழுதி வச்சிருந்தேன், அளவு முன்னாடியே தெரிஞ்ச கண்ட்ரோல் சாம்பிளும் சரியா வந்திருந்துச்சு, சீனியர் நோட்டப் பாத்துட்டு ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டுட்டு கோப்பி குடிக்கப் போயிட்டார், அவ்ளோதான். எனக்குத்தான் கை நடுங்குச்சு.

காண்ட்ராக்ட் இப்ப நிரந்தரமாயிடுச்சு. போன ஞாயிறு பிஓடி எடுத்துட்டு மத்தியானம் வந்து, டெக்கா மார்க்கெட் போறதுக்கு லிஸ்ட் எழுதி மகள்கிட்ட குடுத்தேன். அவ சிரிக்கிறா. வெங்காயம் 2 கிலோன்னு எழுதுனத ஒத்தக் கோடு போட்டு அடிச்சு 1 கிலோன்னு மாத்தி, பக்கத்துல கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தேனாம்.