ஜி.ஆர்.எஸ். ஆர்டர் எடுக்கிறீர்களா? நூல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜி.ஆர்.எஸ். (Global Recycled Standard) என்பது மறுசுழற்சிப் பொருளில் செய்த சரக்குக்கான சர்வதேசச் சான்றுத் தரம். அப்படி ஒரு ஆர்டருக்கு, போன வாரம்தான் டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட் (அனுப்பிய சரக்கு மறுசுழற்சிச் சரக்குதான் என்ற சான்று) கைக்கு வந்தது. அது வரும்வரை பையர் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், திருப்பூரில் என்னைப் போல் சின்ன யூனிட் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

கட்டிங் வேஸ்ட்டில் (துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளில்) இருந்து நூல் எடுப்பது நம் பக்கத்தில் புதிதே இல்லை. கோவை, திருப்பூர் மாவட்டத்து ஓ.இ. மில்கள் (ஓப்பன் எண்ட் முறையில் நூல் நூற்கும் மில்கள்) பல வருடங்களாகச் செய்து வருவதுதான். வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து அந்த நிறத்திலேயே நூலாக்கிவிடுவதால் சாயப்பட்டறைக்குப் போகும் வேலையே இல்லை. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஊருக்கு இதன் அருமை தெரியும். அதனால், 60 சதவீதம் மறுசுழற்சிப் பருத்தி, 40 சதவீதம் புதுப் பருத்தி, டேக்கில் ஜி.ஆர்.எஸ். லோகோ என்று பையர் கேட்டதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். (20 சதவீதம் இருந்தாலே சர்டிபிகேட் கிடைக்கும், ஆனால் லோகோ போட 50 சதவீதமாவது வேண்டும். அந்த லோகோ டிசைனுக்கும் சர்டிபிகேட் தரும் நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் டேக் அச்சடிக்க வேண்டும்.)

எங்கள் யூனிட் ஆடிட் நல்லபடியாக முடிந்தது. சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று, தீயணைப்பான் எல்லாம் சரியாக இருந்தன. பிரிண்டிங்கில்தான் இடித்தது. ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் யூனிட்டும் நம் ஸ்கோப் சர்டிபிகேட்டில் (ஜி.ஆர்.எஸ். சரக்கு செய்ய யூனிட்டுக்குத் தகுதி உண்டு என்ற சான்றில்) வர வேண்டும், அவர்கள் பயன்படுத்தும் மை, கெமிக்கல் விவரமும் கொடுக்க வேண்டும். பிரிண்டிங்காரர் "அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பையரிடம் பேசி பிரிண்டுக்குப் பதில் எம்பிராய்டரிக்கு மாற்றினோம்.

பெரிய அடி நூலில் விழுந்தது. மில் அனுப்பிய ஸ்கோப் சர்டிபிகேட் ஆர்டர் போட்ட அன்று செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனால் நூலைத் தாமதமாக அனுப்பினார்கள், அதற்குள் சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது. கேட்டால், "ஆடிட் முடிஞ்சுதுங்க, சர்டிபிகேட் ரெண்டு நாள்ல வந்துரும்ங்க." வரவில்லை. வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் ஸ்கோப் இல்லாத இடைவெளியில் போன சரக்குக்கு டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட் தர மாட்டார்கள். அதே வேஸ்ட், அதே மெஷின், அதே நூல், ஆனால் காகிதத்தில் அது மறுசுழற்சி நூல் இல்லை! மிச்ச கோன்களைத் திருப்பி அனுப்பினேன். ஏற்கெனவே நிட்டிங் போன துணியை ஒரு உள்ளூர் ஆர்டருக்குக் குறைந்த விலையில் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அந்த நஷ்டத்தில் மில் ஒரு ரூபாய்கூட ஏற்கவில்லை.

சர்டிபிகேட் புதுப்பித்த பிறகு இரண்டாவது லாட் வந்தது. இந்த முறை இன்வாய்ஸில் வெறுமனே "ஓ.இ. காட்டன் நூல்" என்று போட்டிருந்தார்கள். மறுசுழற்சி என்ற வார்த்தையும் இல்லை, சதவீதமும் இல்லை, லாட் நம்பரும் இல்லை. டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட் விண்ணப்பம் திரும்பி வந்தது. மில்லுக்கு நேரில் போனேன். அக்கவுண்ட்ஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இ-வே பில் போட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது, பில் போட்டவர் லீவு" என்றார். (இ-வே பில் என்பது சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் ஜி.எஸ்.டி. ஆவணம்.) வெயிலில் அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கடைசியில் மில் முதலாளியிடமே பேசி, இன்வாய்ஸ் நம்பர், லாட் நம்பர், சதவீதம், நிகர எடை எல்லாம் சேர்த்து லெட்டர்ஹெட்டில் ஒரு உறுதிக் கடிதமும் பேக்கிங் லிஸ்ட்டும் வாங்கினேன். அது ஏற்கப்பட்டது.

நடுவில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. மில்லுக்கு வேஸ்ட் கொடுக்கும் குடோன்காரர், எந்த மாதிரி வேஸ்ட், எங்கிருந்து வந்தது என்று ஒரு படிவத்தில் உறுதி கொடுக்க வேண்டும். எங்கள் கட்டிங் வேஸ்ட்டும் அவரிடம்தான் போகிறது. முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் பயந்துவிட்டார். "கையெழுத்துப் போட்டா நாளைக்கு வேற எதுக்காவது வந்து நிப்பாங்களா தம்பி?" என்றார். மில் அதை நாள்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தது. நான் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன், சொன்னதும் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கே தரையில் உட்கார்ந்து வேஸ்ட் பிரிக்கும் அக்காக்கள், துணியை ஒரு இழு இழுத்துப் பார்த்தே லைக்ரா (இழுத்தால் நீளும் செயற்கை இழை) கலந்ததை ஒதுக்குகிறார்கள். லைக்ரா உள்ளே போனால் நூல் கெட்டுவிடும். இத்தனை சர்டிபிகேட்டுக்கும் அடியில் இருப்பது அந்தக் கைகள்தான். அவர்கள் கூலியைப் பற்றி இந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம்மால் முடிந்தது, வேஸ்ட்டைக் கட்டிங் டேபிளிலேயே பிரித்து வைப்பது. கழுத்து ரிப் துண்டுகளில் லைக்ரா இருக்கும், அதற்குத் தனி மூட்டை. அடர் நிறத்தையும் வெளிர் நிறத்தையும் கலக்காதீர்கள். குடோனில் விலையும் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது. அப்புறம் நூல் எடை, துணி எடை, கட்டிங் வேஸ்ட் எடை மூன்றையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். ஆடிட்டில் கணக்கு இடித்தால் பின்னால் தேடி எடுக்க முடியாது.

இப்போது நூல் பி.ஓ.விலேயே (மில்லுக்குக் கொடுக்கும் கொள்முதல் ஆர்டரிலேயே) இரண்டு வரி சேர்த்துவிட்டேன். சரக்கு கிளம்பும் தேதியில் மில்லின் ஸ்கோப் செல்லுபடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நூலை இறக்க மாட்டோம். இன்வாய்ஸில் மறுசுழற்சி சதவீதமும் லாட் நம்பரும் இருக்க வேண்டும், இ-வே பில் போடும் முன் டிராஃப்ட்டை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த லாட்டுக்கு அதே அக்கவுண்ட்ஸ்காரர் டிராஃப்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி, "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.