லிப் ஃபோல்டருக்குள் நான்கு ஃபோல்டர்கள்

எங்கள் டாட்நெட் லைப்ரரியின் நியூகெட் பேக்கேஜை (டாட்நெட் லைப்ரரிகளைப் பகிரும் கோப்பு) ஜிப்பாகப் பெயர் மாற்றித் திறந்தால், லிப் ஃபோல்டருக்குள் நெட்35, நெட்40, நெட்45, நெட்ஸ்டாண்டர்ட்2.0 என்று நான்கு ஃபோல்டர்கள்; டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் மூன்று பதிப்புகளுக்கு மூன்று, டாட்நெட் கோர் போன்ற புதியவற்றுக்குப் பொதுவாக ஒன்று. நான்கிலும் ஒரே பெயரில் ஒரு டிஎல்எல் (கம்பைல் ஆன கோப்பு). டீமுக்குப் புதிதாக வந்திருந்த எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. 2007-ல் வந்த டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5-ஐ இன்னும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த ரிலீஸில் அதை எடுத்தும்விட்டோம்.

இரண்டாம் நாளே வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். புதிய பேக்கேஜை அவர்களுடைய 3.5 ப்ராஜெக்டில் நியூகெட் நிறுவவே மறுத்தது. 4.0-க்கான டிஎல்எல்லைக் கையால் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் லோடு ஆகவில்லை. 3.5 ஓடுவது சிஎல்ஆர் 2-ன் (டாட்நெட் நிரல்களை இயக்கும் எஞ்சினின் பழைய பதிப்பு) மேல், 4.0-க்குக் கம்பைல் ஆனதை அது ஏற்காது. 'நீங்கள் 4.5-க்கு மாறிவிடலாமே' என்றேன். அவர்களுடைய மென்பொருள் ஓர் எடைக் கருவியோடு பேசுகிறது, அந்தக் கருவியின் டிரைவர் சிஎல்ஆர் 2-க்காக எழுதப்பட்டது, அதை எழுதிய நிறுவனம் கைவிட்டுவிட்டது என்று பொறுமையாக விளக்கினார். ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லைப்ரரியைப் பயன்படுத்துபவரிடம் எப்போதும் இருப்பதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் எல்லாருக்கும் 3.5-ஐ மட்டும் கொடுத்தால் என்ன? அதையும் யோசித்தேன். 3.5-ல் டாஸ்க் (பின்னணியில் நடக்கும் வேலையைக் குறிக்கும் டைப்) கிடையாது, அது 4.0-ல்தான் வந்தது. 2012-ல் 4.5 வந்த பிறகு டாஸ்க்கை வைத்து, காத்திருக்கும் வேலைகளையும் வரிசையாக எழுதவிடும் அசிங்க்-அவெய்ட்டுக்குப் பழகியவர்களிடம், வேலை முடிந்ததும் அழைக்க ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கும் பழைய கால்பேக்கை நீட்டினால் யார் வாங்குவார்கள்? டாட்நெட் கோரிலோ பழைய ஏபிஐகள் பலவும் இல்லை. ஆகவே ஒரே சோர்ஸை வைத்துக்கொண்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் #இஃப் (இந்தப் பதிப்புக்கு மட்டும் இந்த வரிகள் என்ற நிபந்தனை) போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கம்பைல் செய்வதுதான் நேர்மையான வழி.

3.5-ஐத் திரும்பச் சேர்த்தபோது பில்ட் உடைந்தது. இடையில் யாரோ இஸ்நல்ஆர்வொயிட்ஸ்பேஸைப் பயன்படுத்தியிருந்தார்கள்; ஸ்ட்ரிங் காலியா, வெறும் இடைவெளிதானா என்று பார்க்கும் அந்தச் சின்ன மெத்தடும் 4.0-ல் வந்ததுதான். நாங்களே ஒன்று எழுதிக்கொண்டோம். கம்பைல் ஆனால் போதாது, டெஸ்டுகளையும் நான்கிலும் ஓட்ட வேண்டும். பில்ட் நேரம் கூடத்தான் செய்தது.

பிற்பாடு 3.5-ஐ நிறுத்தினோம். இம்முறை ஒரு ரிலீஸுக்கு முன்பே அறிவித்து, பதிப்பின் மேஜர் எண்ணை (முதல் எண்ணை) உயர்த்தி, 3.5 இருந்த பழைய பிராஞ்சில் பிழைத்திருத்தங்களை மட்டும் தொடர்ந்தோம்.