கியர் இறுகினால் முதலில் கிளச்சைப் பாருங்கள்

பழைய டொல்பின் (டொயோட்டா ஹயேஸ்) வானில் கியர் இறுகினால் உடனே கியர் பொக்ஸைக் கழற்றச் சொல்லாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது லேசாக விழுந்து, ஸ்டார்ட் பண்ணியதும் இறுகினால், மிதித்தாலும் கிளச் எஞ்சினை முழுதாக விடவில்லை. ரிவர்ஸ் இன்னும் தெளிவாகக் காட்டும்: கிளச்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்துப் போட்டும் 'கர்ர்' என்றால் அதே கோளாறுதான்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வாகனங்களில் கிளச்சைத் தள்ளும் கீழ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீலும் அதிக நாள் தாங்காது; சிலிண்டரையே மாற்றுங்கள். பிறகு டொட் 3 பிரேக் ஒயில் விட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர் கீழ் சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் (காற்று விடும் திருகை) திறந்து மூடி, குமிழி நிற்கும்வரை காற்றெடுக்க வேண்டும். பிரேக் ஒயில் நிற்கும் மேல் டப்பா வற்றினால் திரும்பவும் முதலிலிருந்துதான்!

இரண்டாம் கியர் மட்டும் உராய்ந்தால் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் (சிங்க்ரோ வளையம்) தேய்ந்திருக்கும். கியர் ஒயில் மாற்றும்போது நிரப்பும் நட்டை முதலில் கழற்றுங்கள். அது இறுகிப்போயிருக்க, பழைய ஒயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். வாகனக் கையேடு ஜீஎல்-4 தர கியர் ஒயிலைக் கேட்டால் அதையே விடுங்கள். சில ஜீஎல்-5 ஒயிலிலுள்ள கந்தகச் சேர்மானம் அந்தப் பித்தளை வளையத்தை அரிக்கும்.