சைலன்சரில் ஒட்டிய ஷூ

மழைக்காலம் பிடித்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் ஆயில், பெட்ரோல் வாசனையோடு எரிந்த பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்துகொள்ளும். மழைக்கோட்டின் ஓரம் பெண்ட் பைப்பில், அதாவது இன்ஜினிலிருந்து வளைந்து சைலன்சருக்குப் போகும் குழாயில், பட்டு இளகியிருக்கும், இல்லையென்றால் பின்னால் உட்கார்ந்தவரின் ஷூ குதிகால் சைலன்சரில் சாய்ந்து கறுப்பாக ஓர் அப்பளத்தைச் சுட்டு வைத்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம், அதனால் பாழான ஷூவும் வலது காலுடையதாகத்தான் இருக்கும். "நான் இல்லண்ணே, பின்னாடி உக்காந்த மச்சான் வேலை இது" என்பார் வண்டிக்காரர். யாராக இருந்தால் என்ன, தேய்க்கப்போவது நாங்கள்தான்.

தேய்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: ஒட்டியது என்ன? பலருக்கு இது வேண்டாத விசாரணையாகப் படும். ஆனால் வேலையே அதில்தான் இருக்கிறது. மழைக்கோட்டு, கேரி பேக், மலிவான ஷூக்களின் அடிப்பாகம் இவையெல்லாம் சூட்டில் குழையும் ரகம். பி.வி.சி. 80 டிகிரியைத் தாண்டினாலே நெகிழ ஆரம்பிக்கும், பாலிதீன் 110-லிருந்து 130-க்குள் உருகிவிடும், இன்ஜினிலிருந்து இறங்கும் பைப்போ 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கனமான பூட்ஸில் இருக்கும் வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர் வேறு ஜாதி. அது உருகாது, கருகி அப்பிக்கொள்ளும். பெயின்ட் கரைக்கும் தின்னரில் ஊறவைத்தாலும் கரையாது, கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான்.

குழையும் ரகமென்றால் சூட்டைக் கொண்டே எடுக்க வேண்டும். வண்டியைச் சற்று நேரம் ஓடவிட்டு, கறை மெழுகு மாதிரி இளகும் பதத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கைக்கு உறை போட்டுக்கொண்டு மூங்கில் சீவலால் ஓரத்திலிருந்து தள்ளினால் தோலாகச் சுருண்டு வரும். உடனே துணியால் ஓர் இழுப்பு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் துடைக்கப் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட்டில் (பனியன் துணிக் கழிவில்) இப்போதெல்லாம் பாலியெஸ்டர் கலந்து வருகிறது, அதைக் கொண்டு சூடான பைப்பைத் துடைத்தால் பழைய கறை போய்ப் புதுக் கறை வந்து உட்கார்ந்துவிடும். சுத்தமான பருத்தித் துணியாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், பையன்கள் அதைத் தொட்டால் கத்துவேன்.

கருகிய ரப்பர் என்றால் நேரெதிர். பைப் முழுக்க ஆறி ரப்பர் மொறுமொறுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு என் ஆயுதம் ஒரு பழைய பித்தளைச் சாவி. பைப்பின் மேல் பூசியிருக்கும் குரோமைவிடப் பித்தளை மெது என்பதால் கீறாது, மஞ்சளாக ஒரு தடம் விடும், மெட்டல் பாலிஷ் போட்டால் அதுவும் போய்விடும். கடைசியில் தங்கும் பழுப்புப் படலத்துக்குத்தான் அசிட்டோனோ தின்னரோ, அதுவும் பைப் ஆறிய பிறகுதான். சூட்டில் தின்னர் பாட்டிலைத் திறப்பவனை ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே விடக்கூடாது.

ஒரு தம்பி, புதுமாப்பிள்ளை, இரட்டை சைலன்சர் வண்டியோடு வந்தார். கறை எதுவும் இல்லை. கறை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு லேசான மஞ்சள் பாரித்திருந்தது. "அண்ணே, உப்புத்தாள் போட்டேன், நல்லாதான் போச்சு, இந்த மஞ்சள் மட்டும் போகமாட்டேங்குது." எப்படிப் போகும்? அது கறை இல்லை, நிக்கல். பளபளப்புக்குப் போடும் குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதற்கு அடியில்தான் தடிமனான நிக்கல். குரோம் தொட்டால் கல் மாதிரி கடினம், ஆனால் உப்புத்தாளுக்கு அந்த மெல்லிய படலம் எம்மாத்திரம்! வெயிலில் வண்டியைத் திருப்பி, நீலம் பாரித்த வெள்ளை எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார், அப்புறம் புது சைலன்சர் விலை கேட்டார்.

இதைவிட மோசம் பாத்ரூம் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைத்தே விடும், ஊற்றிய அன்று பளிச்சென்று தெரிந்தாலும் பிறகு புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். பி.வி.சி. கருகும்போதும் இதே அமில ஆவிதான் வரும், அதனால் ஒட்டிய பிளாஸ்டிக்கை மாதக்கணக்கில் அப்படியே விடுவதும் நல்லதில்லை.

சிலர் கறையோடு சேர்த்து பெண்ட் பைப்பின் நீலத்தையும் எடுக்கச் சொல்வார்கள். அது சூட்டில் உலோகத்துக்கே ஏறிய நிறம், மேலே ஒட்டியது இல்லை. பாலிஷால் கொஞ்சம் குறைக்கலாம், ஓட்டினால் திரும்ப வரும். இதைச் சொன்னால் எனக்கு வேலை தெரியவில்லை என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், சரி, போகட்டும்.

இப்போது நிறைய வண்டிகளில் மேட் பிளாக் சைலன்சர். அதற்கு மேலே சொன்னதில் பாதி செல்லாது. தின்னர் பட்டால் பெயின்ட் போய்விடும், பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் மினுங்கி அசிங்கமாகத் தெரியும். மூங்கில் சீவலில் வந்தவரை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குச் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். அதையும் கேனில் போட்டிருக்கிறபடி இன்ஜின் சூட்டில் விட்டு விட்டுக் காயவைக்க வேண்டும், அவசரப்பட்டு அன்றே ஓட்டிக்கொண்டு போனால் அடுத்த மழையில் உரிந்துவிடும்.