செக்ரோலில் இரண்டு நாள்

மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 19 ஆண்டு கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தேன். விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது, யார் எந்த நாள் வந்தார், எத்தனை குலை வெட்டினார் என்று குறிக்கும் செக்ரோல் எழுதுவது, சம்பளம் போடுவது எல்லாம் என் வேலை. அதோடு தோட்டத்தில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். இபிஎஃப் சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்பு, பிள்ளைகளின் பள்ளி உதவி நிதி என்று கை பழகிப்போன வேலை. ஆனால் ஒரு மனுவை மட்டும் மூன்று இரவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2021 ஆகஸ்டு மாதம். கோவிட் எங்கள் லயத்து வீடுகளிலும் புகுந்து இரண்டு பெரியவர்களைக் கொண்டுபோயிருந்தது. ஊசி போட வராதவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவன் நான்தான். தோட்ட லாரியில் ஏற்றி டவுன் மண்டபத்துக்கு அனுப்பினோம். அதில் குலை வெட்டும் அண்ணன் ஒருவரும் போனார். 52 வயது, நல்ல உழைப்பாளி. இரண்டாவது ஊசி போட்டு வந்து மறுநாளே வேலைக்கு நின்றார்.

ஒன்பதாம் நாள் காலை பெரட்டு முடிந்து திரும்பும்போது அவருடைய வலது கால் செருப்பு வழியில் கிடந்தது. அவரோ பத்தடி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "அண்ணே, செருப்பு" என்று கூப்பிட்டேன். குனிந்து காலைப் பார்த்தார். கழன்றதே தெரியவில்லை. அன்று மத்தியானம் அரிவாள் கட்டிய கம்பைத் தூக்க முடியவில்லை. மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கில்லன் பாரே என்றார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் தன் நரம்பையே தாக்குகிற நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சு வரை ஏறினால் மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டும். நல்லவேளை, இவருக்கு இடுப்போடு நின்றது. ஐந்து நாள் நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். 41 நாள் கழித்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார்.

ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் சிறப்பு நிதி அறிவித்திருந்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் 50,000 வெள்ளி (ரிங்கிட்), நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 வெள்ளி. பேரிடர் நிர்வாக முகமையான நட்மாவின் பொறுப்பில் அந்தப் பணம் இருந்தது. எல்லாருடைய நன்மைக்காகவும் கையை நீட்டியவர்களில் யாரோ சிலருக்குக் கெடுதல் வந்தால் அவர்களை மற்றவர்கள் தாங்க வேண்டும் என்கிற எண்ணம் அது. இன்றைக்கும் அதை மதிக்கிறேன். அக்கா, அதாவது அவர் மனைவி, செய்தித்தாள் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "இது நமக்குக் கிடைக்குமா தம்பி?"

வேண்டிய தாள்களைச் சேர்த்தேன். ஊசி அட்டை, ஐசி (அடையாள அட்டை) நகல், வார்டு டிஸ்சார்ஜ் தாள், சம்பளத் தாள். மருத்துவ அறிக்கைக்கு மட்டும் ஐந்து மாதம் ஆனது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிகள் இருந்த நிலைமை தெரியும், அதனால் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வருமான இழப்பைக் காட்ட செக்ரோல் நகல் எடுக்கப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. ஊசிக்கு ஆறு நாள் முந்தி, அவர் பேருக்கு நேரே இரண்டு கட்டத்தில் சிவப்பு மையில் "எம்சி", அதாவது மருத்துவ விடுப்பு. என் கையெழுத்துதான். காரணம் எனக்கு ஞாபகம் இருந்தது: வயிற்றுப்போக்கு.

அது ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்ல வேண்டும். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குச் சில வாரங்களுக்கு முன் சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கும். கேம்பைலோபாக்டர் என்கிற வயிற்றுக் கிருமி அதற்குப் பேர்போனது. அதற்காக ஊசியால் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டபோது, வழக்கத்தைவிட லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது கூடுதலாக வந்தது. அங்கே சளிக்காய்ச்சல் ஊசி போட்ட 3 நாளிலிருந்து 42 நாளுக்குள் கில்லன் பாரே வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை ஊசியையே காரணமாக எடுத்துக்கொண்டு இழப்பீடு தருகிறார்கள். நம் அண்ணனுக்கு வயிறு கெட்டு சுமார் இரண்டு வாரம், ஊசி போட்டு ஒன்பது நாள். இரண்டுமே கணக்குக்குள் வரும்.

செக்ரோலை ஊசி போட்ட நாளிலிருந்து மட்டும் நகல் எடுத்திருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பொய்யும் இல்லை, ஒரு தாளை மடித்து மிஷினில் வைப்பது, அவ்வளவுதான். 50,000 வெள்ளி அந்த வீட்டில் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிவம் ஆறில் இருந்தாள்.

மூன்றாம் இரவு கழிந்து அவர்கள் வீட்டுக்கே போய் இருவரிடமும் சொன்னேன். அக்கா எதுவும் பேசவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறத எழுதுங்க தம்பி. குலை எண்ணும்போது நான் ஒண்ணு கூட்டிச் சொன்னதில்ல. நீங்களும் ஒண்ணு குறைச்சு எழுதினதில்ல."

சரி என்று முழு மாதத் தாளையும் நகல் எடுத்து வைத்தேன். மனுவிலும் எழுதினேன்: இன்ன தேதி வயிற்றுப்போக்கு, இன்ன தேதி ஊசி, இன்ன தேதி கால் மரத்தது. ஊசிதான் காரணம் என்று எழுதவில்லை. காரணத்தைச் சொல்வது நிபுணர்களின் வேலை, தேதியைச் சரியாகச் சொல்வது என் வேலை.

பதில் மறு ஆண்டுக் கடைசியில் வந்தது. ஒரே பக்கம், மலாயில். ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பு உறுதிப்படவில்லை, ஆகவே உதவி வழங்க இயலாது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அக்கா கேட்டார்: "அந்த ரெண்டு நாளாலதானா தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கடிதத்தில் காரணம் எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முடிவு தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் 41 நாள் வார்டில் கிடந்த மனிதருக்கு, "ஊசியால் இல்லை என்றும் சொல்லவில்லை, ஊசியால்தான் என்றும் காட்ட முடியவில்லை" என்கிற வித்தியாசத்தை யாராவது உட்கார்ந்து அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருக்க வேண்டும். ஊசி போடக் கூப்பிட்டபோது தமிழில் கூப்பிட்டோமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் முறையிலேயே இதற்கு நாலு வகை உண்டு: தொடர்பு பொருந்துகிறது, தீர்மானிக்க முடியவில்லை, பொருந்தவில்லை, தகவல் போதாது. இவருடையது எதில் விழுந்தது என்று அந்தத் தாளில் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் நானே உட்கார்ந்து விளக்கினேன். அக்கா பாதியிலேயே எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

அப்புறம் சொக்சோ பக்கம் திரும்பினேன். இதை முதலிலேயே கூடவே செய்திருக்க வேண்டும். பெரிய பணத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது பின்னால் போய்விட்டது, அந்தத் தவறு என்னுடையது. இயலாமைத் திட்டத்தில் நோய்க்குக் காரணம் யார், எது என்று கேட்பதில்லை. 60 வயதுக்குள் இருக்க வேண்டும், சந்தா சரியாகக் கட்டியிருக்க வேண்டும், வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். சந்தா ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் கட்டியிருந்தோம். மாதா மாதம் அதை அனுப்பியவன் என்ற முறையில் அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதி. வாரியத்தின் முன் அண்ணன் இரண்டு ஊன்றுகோலோடு நின்றார். இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுவார்கள். ஆனால் ஐந்தில் ஒருவர் ஆறு மாதம் ஆனாலும் துணையில்லாமல் நடக்க முடியாது. இவர் அந்த ஐந்தில் ஒருவர்.

பென்ஷன் கிடைத்தது. 50,000 வெள்ளிக்கு அது ஈடில்லை, ஆனால் மாதம் தவறாமல் வருகிறது. மகள் படிவம் ஆறை முடித்தாள்.

நான் வேலையை விட்ட வாரத்தில் பழைய கோப்புகளைப் பிரித்து அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்தேன். அக்கா வந்து தங்களுடைய கட்டை வாங்கிப் பிரித்தார். மறுப்புக் கடிதத்தை எடுத்து, "இது வேணாம், நீங்களே கிழிச்சுடுங்க" என்றார். செக்ரோல் நகலையும் நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வேதனையாக இருக்குமே என்று நினைத்தேன்.

"இல்ல தம்பி, இது இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். விரலை எம்சி கட்டங்களைத் தாண்டி நகர்த்திக்கொண்டுபோய், அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் வைத்தார். செருப்பு கழன்றதற்கு முந்தின நாள். 87 குலை.

"அவர் கடைசியா முழு நாள் வெட்டினது."